சூடு தணிக்கும் செம்பு

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுமை ஏற்றிய லாரி, முனகிக்கொண்டே ஒவ்வொரு வளைவாக ஏறும். திடீர் என்று முன்பக்கம் ஆவி பறக்கும். டிரைவர் ஓரம் கட்டுவார். கிளீனர் குதித்து, சக்கரத்துக்குக் கல் போடுவான். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டது! சூடு ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மாரமங்கலம் போய்ச் சேர முடியும்.

இதே சங்கடம் கம்ப்யூட்டருக்கும் உண்டு என்றால் நம்புவீர்களா?

கம்ப்யூட்டரின் மூளைக்கு "சிப்" என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வேகமான கம்ப்யூட்டரில் 100 வாட், 200 வாட் மின்சாரம் அதில் பாய்கிறது. பாய்ந்தது எல்லாம் சூடாக மாறுகிறது. 100 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். சூடு 100 டிகிரியை நெருங்கினால், சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும்.

மாரமங்கலம் குளிர்ந்த ஊர் ஆயிற்றே, அங்கே விசிறி போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விசிறி போதும். ஆனால் ஒரு படி தண்ணீர் சுமக்கும் சூட்டைச் சுமக்க, சுமார் 3,500 படி காற்று வேண்டும். 2024-ல் என்விடியா கம்பெனி அறிவித்த ஒரு கம்ப்யூட்டர், பீரோ அளவுதான் இருக்கும். அதற்குள் 72 பெரிய சிப்புகள். சுமார் 120 கிலோவாட் மின்சாரம் குடிக்கிறது. அதைத் தண்ணீர் விட்டுத்தான் குளிர வைக்கிறார்கள்.

எப்படி? சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டியை அழுத்தி வைக்கிறார்கள். கட்டிக்கு உள்ளே தண்ணீர் ஓடுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. ஆறியதும் திரும்பி வருகிறது. 25 ஆண்டுகளுக்கு முன்பு, ஆர்வம் உள்ள இளைஞர்கள் பழைய கார்களின் சிறிய ரேடியேட்டரையும், மீன் தொட்டிப் பம்பையும் வைத்து வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தார்கள்!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் என்ற இருவர் 1981-ல் ஒரு வழி காட்டினார்கள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் விடுவதைவிட, தலைமுடி அளவு வாய்க்கால்கள் பலவற்றில் விட்டால் அதிகச் சூட்டை வாங்கலாம் என்று கண்டார்கள். இன்றைய செம்புக் கட்டியும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி பட்டறைக்கு வருவோம். கட்டி செய்வது சுலபமா? இல்லை. செம்பு மெத்தென்ற உலோகம். வெட்டும்போது வாளின் பல்லில் அப்பிக்கொள்ளும். மெல்லிய வட்ட வாளை மில்லிங் எந்திரத்தில் மாட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே, பொறுமையாக அறுக்கவேண்டும். ஒவ்வொரு வாய்க்காலும் அரை மில்லிமீட்டர். அதாவது, நோட்டுப் புத்தகத்தாள் ஐந்தை அடுக்கிய கனம். அவசரப்பட்டால் நடுச்சுவர் சாய்ந்துவிடும். கட்டியின் அடிப்பாகம் கண்ணாடிபோல் சமமாக இருக்கவேண்டும். இதற்கு உப்புத்தாளைக் கண்ணாடிமீது விரித்துத் தேய்ப்பார்கள். மூடியில் ரப்பர் வளையம் உட்கார ஒரு பள்ளம் வேண்டும். வீட்டுக் குக்கரில் இருக்கிறதே, அதே தத்துவம். பள்ளம் ஆழமானால் ஒழுகும். ஆழம் குறைந்தால் மூடி உட்காராது. கடைசியில் சைக்கிள் டியூப்பைப்போல் காற்று அடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கவேண்டும். ஒரு குமிழி வந்தாலும் கட்டி தேறாது. ஒரு சொட்டு ஒழுகினால் போதும். பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டர் பாழ்!

இன்னும் ஒன்று. செம்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கக்கூடாது. நாளாவட்டத்தில் தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும்.

ஐஸ் தண்ணீர் விடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம்! ஏற்காட்டுப் பனியில் கட்டிமீது வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்துவிடும். ஒழுகிய கதைதான். உண்மையில் ஐஸ் தேவையே இல்லை. 2010-ல் சுவிட்சர்லாந்தில் ஐ.பி.எம். கம்பெனியார் அமைத்த ஒரு பெரிய கம்ப்யூட்டரை, 60 டிகிரி வெந்நீர் விட்டே குளிர வைத்தார்கள்! சிப் அதைவிடச் சூடு அல்லவா? மிச்சச் சூட்டைக் கட்டிடத்துக்குக் கணப்பாகவும் பயன்படுத்தினார்கள். அப்படியானால், சேலத்துக் கோடையில் 40 டிகிரி அடித்தாலும் இந்த முறை பலிக்கும்.

சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் வந்திருக்கின்றன. மேலும் வரும். இவற்றுக்கு வேண்டிய கட்டியை நாம் செய்யக்கூடாதா?

கோவையிலும் சேலத்திலும் லேத்துப் பட்டறைகளுக்குக் குறைவு இல்லை. ஆனால் ஒரு பையன் படம் வரைந்து எடுத்துப்போய், "ஒரே ஒரு கட்டி அறுத்துத் தாருங்கள்" என்று கேட்டால், பட்டறைக்காரர் தயங்குவார். அவர்மேல் தப்பு இல்லை. எந்திரத்தைத் தயார் செய்யவே அரை நாள் போய்விடும். ஒரு கட்டிக்கு என்ன கூலி கேட்பார்?

ஒற்றைக் கட்டியை நிதானமாக அறுத்துப் பழக ஏற்ற இடம் ஐ.டி.ஐ.தான். தமிழக அரசு 2022-ல் டாட்டா டெக்னாலஜிஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் வேலையைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் எந்திரங்கள் வந்தன. பொத்தானை அழுத்த மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. படம் வரைய, அறுக்க, தேய்க்க, ஒழுகுகிறதா என்று பார்க்க என்று முழு வேலையையும் ஒரே மாணவன் கையில் கொடுக்கவேண்டும். மாரமங்கலத்தில் இருந்து இறங்கி வந்து படிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும்.

முதலில் பித்தளையில் பழகட்டும். பிறகு ஆளுக்கு ஒரு செம்புக் கட்டி கொடுக்கலாம். ஒழுகினால், வாளியில் இருந்து எடுத்து, பள்ளத்தை அளந்து பார்த்து, மறுபடியும் அறுக்கட்டும். கெட்டுப்போன கட்டியும் வீண் அல்ல. செம்பை எடைக்கு எடுத்துக்கொள்ளக் கடைகள் இருக்கின்றன.