தொட்ட கை

கடவுள் கருணை உள்ளவர் என்று பல மதங்கள் சொல்கின்றன. கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மண்டியிட்டு, ஆண்டவர் தங்கள் மீது இரங்கவேண்டும் என்று மன்றாடுகிறார்கள். குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் தெரிந்த வேண்டுதல் அது.

ஆனால் அந்த இரக்கம் எப்படிப்பட்டது? மேலே இருந்து பார்த்து, "ஐயோ, பாவம்!" என்று சொல்லிவிட்டுப் போவதா? அல்லது கீழே வந்து கைகொடுப்பதா?

இதற்கு விடை பைபிளிலே இருக்கிறது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். அதன் கடைசியில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. ஐந்தாறு வரிகள்தான். கடவுளின் கருணை என்ன என்பதை அது காட்டிவிடுகிறது.

ஊருக்கு வெளியே

ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வருகிறான். முழங்கால் போடுகிறான். உமக்கு மனம் இருந்தால் என்னைச் சுத்தமாக்க உம்மால் முடியும் என்கிறான்.

அந்தக் காலத்து யூதர்களிடையே தொழுநோயாளியின் நிலை என்ன தெரியுமா? அவன் ஊருக்குள் இருக்கக்கூடாது. கிழிந்த உடை உடுத்தவேண்டும். தலையை வாரக்கூடாது. யாராவது எதிரே வந்தால், தான் தீட்டுப்பட்டவன் என்று அவனே உரக்கக் கூவவேண்டும். மோசேயின் சட்டம் அப்படிச் சொன்னது.

அவர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லிவிட முடியாது. அன்று அந்த நோய்க்கு மருந்து இல்லை. ஊரில் உள்ள குழந்தைகளுக்குப் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தது. பயத்தில் வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, கோவில் இல்லை. ஒருவர் கையும் அவன் மேல் படாது.

அவனுடைய பேச்சைக் கவனியுங்கள். இயேசுவால் முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு மனம் இருக்குமா என்பதுதான் சந்தேகம். கடவுளின் வல்லமையை நம்பிவிட்டான். கருணையை நம்பத் துணிவு வரவில்லை. எல்லோரும் விரட்டிய ஒருவனுக்கு அந்தத் துணிவு எப்படி வரும்?

ஏன் தொட்டார்?

இயேசு மனம் உருகினார். கையை நீட்டினார். அவனைத் தொட்டார். எனக்கு மனம் உண்டு, நீ சுத்தமாகு என்றார். அவன் குணமானான்.

தொடவேண்டிய அவசியம் என்ன? ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? நூற்றுக்கு அதிபதி ஒருவனுடைய வேலைக்காரனை அவர் வீட்டுக்குப் போகாமலே குணமாக்கினார். வேறொரு சமயம் பத்துத் தொழுநோயாளிகளைத் தொடாமலே அனுப்பினார். போகிற வழியில் அவர்கள் சுத்தமானார்கள். ஆகவே, தொட்டால்தான் நோய் தீரும் என்பது இல்லை.

அப்படியானால் ஏன் தொட்டார்? அவனுக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று உடம்பில். மற்றொன்று, தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பு. முதல் நோய்க்கு வார்த்தை போதும். இரண்டாவது நோய்க்குக் கை வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. குணமான பிறகு அவர் தொடவில்லை. நோய் உடம்பில் இருக்கும்போதே தொட்டார். "முதலில் சுத்தமாகி வா, பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொல்லவில்லை.

பாவம் செய்தவர்கள் பலர், "நான் எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவேன்? திருந்திய பிறகு போகிறேன்" என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்தே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அவர்களுக்கு இந்தச் சம்பவம் நல்ல செய்தி. இரங்குகிற கடவுள் இறங்கியும் வருகிறார்.

இடம் மாறியது

தொட்டதோடு இயேசு விட்டுவிடவில்லை. குருக்களிடம் போய் உன்னைக் காட்டு, சட்டம் சொன்ன காணிக்கையைச் செலுத்து என்று அனுப்பினார். குருக்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அவன் ஊருக்குள் நுழைய முடியும். வீடு, வேலை, வழிபாடு எல்லாம் அதன் பிறகுதான். அவன் மீண்டும் மனிதரோடு மனிதனாக வாழ வழி செய்தார்.

இதை யாரிடமும் சொல்லாதே என்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் மகிழ்ச்சி அவனைச் சும்மா இருக்க விடுமா? ஊரெல்லாம் சொன்னான். கூட்டம் திரண்டது. இயேசு வெளிப்படையாக ஊருக்குள் வரமுடியாமல் போயிற்று. வெளியே, ஆள் இல்லாத இடங்களில் தங்கினார்.

வெளியே இருந்தவன் உள்ளே போனான். உள்ளே இருந்தவர் வெளியே நின்றார்.

கருணைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் கருணை காட்டுகிறவரே. கிறிஸ்தவர்கள் சிலுவையில் காண்பதும் இதைத்தான்.

தீவுக்குப் போனவர்

இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள் உண்டு. எழுந்து புறப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் தமியான் அடிகள். பெல்ஜியம் நாட்டில் 1840-ல் பிறந்தவர்.

பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் பரவியது. நோயாளிகளைப் பிரித்துவைக்க 1865-ல் சட்டம் போட்டார்கள். மொலோக்காய் என்ற தீவில் ஒரு மூலைக்கு அவர்களை அனுப்பினார்கள். மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் செங்குத்தான மலை. போனவர்கள் திரும்புவதில்லை.

1873-ல் தமியான் அங்கே போனார். வீடு கட்டினார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். இறந்தவர்களுக்குப் பெட்டி செய்து, குழியும் தோண்டினார். பிரசங்கம் செய்யும்போது நோயாளிகளைப் பிரித்துப் பேசமாட்டார். தம்மையும் சேர்த்து, தொழுநோயாளிகளாகிய நாம் என்றே பேசுவார். பிறகு அவருக்கும் அந்த நோய் வந்தது. 1889-ல், 49-ம் வயதில் அங்கேயே இறந்தார். 2009-ல் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

தமியான் தீவுக்குப் போன அதே 1873-ல், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். தொழுநோய் சாபமும் அல்ல, பாவத்தின் சம்பளமும் அல்ல. கிருமியால் வரும் நோய் என்று உலகம் அறிந்தது. ஒருவர் அன்பால் வேலியைத் தாண்டினார். மற்றவர் அறிவால் வேலியை அசைத்தார்.

வேலூரில் ஒரு மருத்துவர்

அன்பும் அறிவும் ஒருவரிடமே சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு அருகே தொழுநோய் மருத்துவமனை ஒன்றைப் பார்க்கப் போனார். அங்கே மடங்கிப்போன கையுள்ள நோயாளி ஒருவரின் கையைத் தம் கையால் பிடித்தார். அந்தக் கையில் பலமான பிடி இருந்தது. தசை சாகவில்லை என்று தெரிந்துகொண்டார். நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தார்.

யாரும் தொடாத கையை அவர் தொட்டார். அதனால்தான் மருத்துவம் ஓர் அடி முன்னே போயிற்று.

விரல்கள் அழுகி விழுகின்றன என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அது தவறு என்றும் அவர் காட்டினார். கையில் உணர்ச்சி இல்லாததால் நோயாளிக்குச் சூடும் தெரிவதில்லை, காயமும் தெரிவதில்லை. அதனால்தான் விரல்கள் கெடுகின்றன.

அவரே எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு நோயாளியின் தோளில் கைவைத்து, செய்யப்போகும் சிகிச்சையை விளக்கினார். நோயாளி தேம்பித் தேம்பி அழுதார். தவறாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று டாக்டர் பதறினார். இல்லை, இங்கே வரும்வரை பல ஆண்டுகளாக இவரை யாரும் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று உதவியாளர் சொன்னார்.

வேலி இன்னும் இருக்கிறதா?

இன்று காலம் மாறிவிட்டது. தொழுநோய் முற்றிலும் குணமாகும். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து சாப்பிட்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் கண்டால் மறைக்கவேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

சட்டமும் மாறிவிட்டது. நோயாளிகளைப் பிரித்துவைக்க 1898-ல் போட்ட இந்தியச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டது.

மருந்து வந்தது. சட்டம் வழிவிட்டது. மனம் வழிவிட்டதா? 2022-23-ல் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் குணமாகி வந்தபோது வீட்டில் தனித்தட்டு வைத்தார்களோ!

தொழுநோய் மட்டுமா? குடியால் கெட்டுத் திருந்த நினைக்கும் மகன் உண்டு. சிறையிலிருந்து திரும்பிய தம்பி உண்டு. மனநோய் மருத்துவமனையிலிருந்து வந்த அக்காள் உண்டு. அவர்கள் வாசலில் நின்று நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நம்மால் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

கடவுளிடம் இரக்கத்தைக் கேட்கிற நாம், அதை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. பெற்ற இரக்கத்தைக் கொடுத்தால்தான் வேண்டுதல் முழுமை பெறும். முன்யோசனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேலைக்கு வழி செய்யுங்கள். தவறு இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, உள்ளே வரச்சொல்லுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாள். உங்கள் வீட்டுப் பந்தியில் ஒரு இலை குறைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால், அந்த இலைக்கு உரியவரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள்.