மண் எடுக்குமுன் மருந்தடித்தவர்களைக் கேளுங்கள்

மலேசியாவின் சிலிம் ரிவர் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற மேடுகளில் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் உருமாறிவிட்டன. இத்தகைய நிலத்தில் வீடோ பள்ளிக்கூடமோ எழுப்புமுன் மண்ணைப் பரிசோதிப்பது அவசியம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அந்த மண்ணை எந்த இடத்தில் எடுப்பது என்ற கேள்வியை நாம் போதிய சிரத்தையோடு கேட்பதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ரப்பர் கோலோச்சிய மலாயாவில், லாலான் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய விஷத்தைத் தோட்டங்கள் தாராளமாகப் பிரயோகித்தன. 1960களில் பாராகுவாட் வந்து அதன் ஸ்தானத்தைப் பிடித்தது. அதுவும் 2020 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. ஆனால் ஆர்சனிக் ஒரு மூலகமாகையால் வெயிலோ மழையோ காலமோ அதை அழிப்பதில்லை. இரும்பு மிகுந்த நம் செம்மண் அதை இறுகப் பற்றிக்கொள்ள, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே அது தங்கிவிடுகிறது. மருந்து கலந்த இடம், தோம்பு கழுவிய ஓடைக்கரை, மருந்து வைத்த ஸ்டோரின் பின்புறம் ஆகியவற்றை எந்த வரைபடமும் காட்டாது. அன்று முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த நம் பெண்களின் ஞாபகமே காட்டும்.

நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே பரிசோதனைக்கு அனுப்பினால், ஒரு மூலையில் குவிந்திருக்கும் விஷம் சராசரியில் கரைந்து, நிலம் சுத்தமென்று சான்றிதழ் வந்துவிடும். ஆகவே, சந்தேகத்துக்குரிய இடங்களில் ஒவ்வோர் ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொரு முறையும் துளைக்கருவியைக் கழுவிக் கையுறையை மாற்றி, இடம், ஆழம், நேரம் மூன்றையும் அங்கேயே எழுதி ஒட்டவேண்டும். டீசல் சிந்திய மண்ணாயின் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி உடனே பனிக்கட்டியில் வைக்கவேண்டும். புட்டி கைமாறுந்தோறும் கையொப்பம் வேண்டும். அந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தால் அம்மண் சாட்சியாகாது.

அளவீட்டின் மதிப்பை ஈப்போ அருகே புக்கிட் மேரா மக்கள் நன்கறிவார்கள். அருமண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1985இல் அவர்கள் தொடுத்த வழக்கு 1992இல் வென்று, 1993இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது. இரு தரப்பு நிபுணர்களின் அளவீடுகளில் எதை நம்புவது என்பது அந்த வழக்கின் பெரும் பிரச்சினையாயிற்று.

மாசடைந்த நிலங்களுக்கெனச் சுற்றுச்சூழல் துறை 2009இல் வழிகாட்டிகளை வெளியிட்டிருக்கிறது. பழைய தோட்டமெனில், அங்கே வேலை செய்தவர்களை விசாரித்த பின்னரே துளையிடவேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவது பெரிய செலவன்று. லயத்தைவிட்டு எங்கெங்கோ குடியேறிய அந்தப் பாட்டிமார் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். ஒரு காலைப்பொழுது அவர்களை அழைத்துச் சென்று, ஸ்டோர் இருந்த மேட்டைக் கைநீட்டிக் காட்டச் சொன்னால் போதும்.