விமானத்தை யார் பார்த்துக்கொள்வது?

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பேருடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றியது. பத்திரமாக இறங்கியதும் எல்லோரும் விமானிகளின் துணிச்சலைப் பாராட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தப் பொறுமை. போயிங் 737இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழியில்லை. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். கீழே ஊரே பதறும்போது மேலே நிதானமாக இருக்கப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பின்னால் பல சாவுகள் இருக்கின்றன.

1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சிறிய பல்பிலேயே மூழ்கிப்போனார்கள். உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி விடுபட்டது யார் கண்ணிலும் படவில்லை. மெல்ல இறங்கிய விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. நூறு பேர் போல இறந்தார்கள். பறக்க முடியாத அளவுக்கு அதில் எதுவும் கெட்டிருக்கவில்லை.

1978இல் போர்ட்லாந்தில் யுனைடெட் 173. இங்கும் சக்கரச் சந்தேகம்தான். சரிபார்த்தபடியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றினார்கள். எரிபொருள் குறைவதை ஃப்ளைட் இன்ஜினியர் சொன்னார். கேப்டனை உலுக்கும்படி சொல்லவில்லை. டேங்க் வறண்டு விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தனர். இந்த விபத்துக்குப் பிறகு, 1981இல், அதே நிறுவனம் விமானிகளுக்குப் புதுவகைப் பயிற்சியைத் தொடங்கியது. கோளாறு வந்தால் ஒருவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும். மற்றவர் செக்லிஸ்ட்டை எடுக்க வேண்டும். இளையவர் சந்தேகத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த பிள்ளைக்கு இது தானாக வராது.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னி புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380இல், பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் இன்ஜின் வெடித்து இறக்கையைத் துளைத்தது. திரையில் எச்சரிக்கைகள் ஓயாமல் வந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி விமானத்தைப் பார்த்துக்கொள்ள, துணை விமானி எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக முடித்தார். கெட்டுப்போனவற்றை எண்ணித் தலைசுற்றிய கேப்டன், ஒரு கட்டத்தில் எவையெல்லாம் வேலை செய்கின்றன என்று எண்ணத் தொடங்கினார். சிங்கப்பூருக்கே திரும்பி, சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் ஓர் இன்ஜின் அணைய மறுத்தது. கொதிக்கும் பிரேக்குகளுக்கு அருகே எரிபொருள் ஒழுகியது. சறுக்குப்பாதையில் குதிக்கவிட்டால் கை கால் முறியும், தீயும் பற்றலாம். பயணிகளை உட்காரவைத்து, தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்த பின் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

நெடுந்தூரப் பயணத்தின் நடுவே விமானி அறையில் ஒருவர் இருந்தால் போதும் என்ற யோசனையை விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் ஐரோப்பாவில் முன்வைத்திருக்கின்றன. அன்று அந்த குவாண்டாஸ் விமானி அறையில், பணியைச் சோதிக்க வந்தவர்களையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேர் இருந்தும் அந்த எச்சரிக்கைகளை முடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிடித்தது.