ஞாயிற்றுக்கிழமைப் பழைய மாணவர்கள்

பழைய மாணவர் சந்திப்பு என்ற பெயரில் நம் ஊர்களில் நடந்துவரும் வைபவம் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். படித்த பள்ளிக்கூடத்தின் மேல் பற்று இல்லாதவன் என்பார்கள். கூடப் படித்தவர்கள் முன்னுக்கு வந்ததைப் பொறுக்காதவன் என்றுகூடச் சொல்வார்கள். பற்று இருப்பதால்தான் பேசுகிறேன்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாட்ஸப்பில் ஒரு குழு சேருகிறது. 1995இல் பத்தாவது எழுதியவர்கள் என்றால் அது '95 செட்'. தலைக்கு இவ்வளவு என்று வசூல். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். பள்ளி வாசலில் பிளெக்ஸ் ஆர்ச். அதில் நாற்பது ஐம்பது முகங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மணியை அடித்து, பழைய பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வயதான ஆசிரியர்களுக்குச் சால்வை, கேடயம். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுக் கலைகிறார்கள். 2018இல் '96' படம் வந்த பிறகு அழுகை சற்று அதிகம்.

அழுவதில் தவறில்லை. பிரியாணியிலும் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமையில்தான் தவறு.

இந்த வைபவத்துக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு. 'ஹோம்கமிங்' என்று பெயர். வீடு திரும்புதல் என்று சொல்லிக்கொள்ளலாம். பேலர் சர்வகலாசாலை 1909இலும், இல்லினாய் 1910இலும், மிசௌரி 1911இலும் நடத்தியவற்றில் எது முதல் என்ற வழக்கே அங்கே ஓய்ந்தபாடில்லை. கல்லூரிகளில் பிறந்த வழக்கம் பிறகு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சொந்த மைதானத்தில் அவர்கள் பாணிக் கால்பந்தாட்டம். அதற்கு முந்திய நாட்களில், பள்ளி நடக்கும்போதே கோலாகலம். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நாலு வகுப்புகளும் ஒன்றையொன்று முட்டிப் பார்க்கின்றன. எந்த வகுப்பு தன் நடைவழியை நன்றாக ஜோடித்தது, எந்த வகுப்பின் ஊர்வல வண்டி அழகு, கயிறு இழுப்பதில் யார் சூரர்கள் என்று ஒரே போட்டி.

அந்த விழாவை நான் தலையில் தூக்கிவைத்துக் கூத்தாடவில்லை. ராஜா, ராணி என்று ஓட்டுப் போட்டு இரண்டு பிள்ளைகளுக்குக் கிரீடம் வைக்கிறார்களே, அது மற்ற பிள்ளைகள் மனத்தை என்ன பாடு படுத்தும்? அந்தக் கேள்வி அங்கேயே எழுந்து, சில பள்ளிகள் அந்தச் சடங்கைக் கைவிட்டும் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவானவர்கள். அங்கே வீட்டுக்காரர்கள் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள். திரும்பி வருகிறவர் விருந்தாளி. அவர் படியில் உட்கார்ந்து கைதட்டுகிறார், ஆடுகிறவன் சிறுவன்.

நம்மிடம் எல்லாம் தலைகீழ். மேடை பழையவர்களுக்கு, பிள்ளைகளுக்கு விடுமுறை. மைக்செட் சத்தம் கேட்டுத் தெருப் பையன்கள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், "போங்கடா" என்று விரட்ட ஓர் ஆள். அந்தப் பையன்கள்தாம் மறுநாள் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள். மைதானத்தில் கிடக்கும் காகிதத் தட்டுகளைப் பொறுக்கப் போகிறவர்களும் அவர்களாகவே இருக்கலாம்.

போட்டிக்கு மட்டும் நம்மிடமும் குறைவில்லை. 94 செட் பீரோ கொடுத்தால் 95 செட் குடிநீர் இயந்திரம் கொடுக்கிறது. 96 செட் அதைவிடப் பெரிய கல்வெட்டு வைக்கிறது. ஒரு பள்ளியில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயதாரர் விவரம் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சுற்றினால் படிக்க முடியாது. சுற்றவும் இல்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, அதைக் கழுவுகிற அம்மாளுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று எந்த செட்டும் கேட்டு நான் அறியேன். பெண் குழந்தைகள் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடுவது அந்தக் கழிப்பறையால்தான். ஆனால் அதை ரிப்பன் வெட்டித் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ள முடியாதே!

சரி, இந்த 'செட்' என்பது யார்? இங்கேதான் எனக்கு உண்மையான வழக்கு இருக்கிறது.

என் வகுப்புக்காரர்கள் கூட்டிய சந்திப்புக்கு நான் ஒரு தடவை போனேன். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் காணோம். பூகோளப் படத்தை என்னைவிட நன்றாக வரைகிறவன். என் நோட்டில் இருந்த இந்தியாவெல்லாம் அவன் போட்டதுதான். விசாரித்தேன். "அவன் நம்ம செட் இல்லையேப்பா. ஒம்பதாவதில் பெயிலாகி நின்னுட்டானே; அடுத்த செட்டு" என்றார்கள். அடுத்த செட் முந்தின வருஷமே கூடிக் கலைந்திருந்தது. அவர்களைக் கேட்டால், "அவர் உங்க செட்டுன்னு விட்டுட்டோம் சார்" என்றார்கள். ஆசாமி எங்கோ கண்காணாத தேசத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஆர்ச்சின் ஒரு கால் அவன் கடை வாசலில்தான் ஊன்றியிருந்தது.

பத்தாவது ரிசல்ட் சதவீதம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்பதாவதிலேயே பையன்களை நிறுத்திவைத்த காலம் அது. பல பள்ளிகளில் அது எழுதாத சட்டம். நிறுத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் மறு வருஷம் வரவேயில்லை. ஐந்தாவதோடு ஆடு மேய்க்கப் போனவன், எட்டாவதில் பட்டறைக்குப் போனவன், ருதுவான கையோடு நிறுத்தப்பட்ட பெண் இவர்களெல்லாம் எந்த செட்? படித்து முடித்த பெண்களையே நம்மால் கண்டுபிடிக்க முடிவதில்லை. தகப்பனார் இன்ஷியல் போய்ப் புருஷன் இன்ஷியல் வந்துவிட்டது. நம்பரும் வீட்டுக்காரர் நம்பர். நாலு பேர் வந்தாலே "மகளிரும் திரளாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொரு கூத்து. பிரம்பைக் கையில் கொடுத்து, "சார், அன்னிக்கு மாதிரி ஒரு அடி அடிங்க" என்று கையை நீட்டுகிறார்கள். ஆசிரியரும் நெகிழ்ந்து போய் மெதுவாகத் தட்டுகிறார். "அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது" என்று மைக்கில் பேச்சு. ஆளானவர்கள் பேசுகிறார்கள், ஐயா! அந்த அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடியவன் இங்கே இல்லை. இருந்தால் மைக்கைக் கொடுத்துக் கேளுங்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதே கட்டடத்தில், இன்றைய ஆசிரியர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரம்புக்கு மாலை போடுகிறோம்.

விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்துப் பாதியில் நின்றவர் ஒருவர் உண்டு. காமராஜர் என்று பெயர். அவர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. ஊர் ஊராக மாநாடு கூட்டினார்கள். இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு ஊராரைக் கேட்டார்கள். கட்டடம், மேஜை, கரும்பலகை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் என்று ஜனங்கள் கொடுத்தார்கள். எந்த வருஷம் பாஸ் செய்தாய் என்று யாரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலமைச்சரே ஆர்ச்சுக்கு வெளியே நின்றிருப்பார். 2022 டிசம்பரில் அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று திட்டம் தொடங்கிப் பழைய மாணவர்களிடம் உதவி கேட்டதே, அந்தப் பெயரிலும் ஊர்தான் இருக்கிறது, செட் இல்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டே. பெயர்ப் பட்டியலைப் பத்தாவது ரிசல்ட்டிலிருந்து எடுக்காதீர்கள்; ஒன்றாம் வகுப்பு அல்லது ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். தலைமையாசிரியரைக் கேட்டால் பீரோவிலிருந்து எடுத்துத் தருவார்; அந்த பீரோவே உங்கள் உபயமாக இருக்கலாம். இரண்டாவது, பள்ளி நடக்கிற நாளில் வாருங்கள். நாலு செட் மோத வேண்டுமா? ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் கபடி விட்டு, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து விசில் அடியுங்கள். மத்தியானம் பிள்ளைகளோடு வரிசையில் நின்று சத்துணவு சாப்பிட்டுப் பாருங்கள். கழிப்பறைப் பக்கமும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

வேலை நாளில் லீவு கிடைக்காது என்கிறார்கள். மச்சினன் குழந்தைக்குக் காதுகுத்து என்றால் இரண்டு நாள் கிடைக்கிறது. காமராஜர் பிறந்த ஜூலை 15ஐப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன; பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குத் தயாராகி வந்து, கேட்பதற்கு ஆள் இல்லாமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு வாருங்கள். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் மட்டும், திங்கட்கிழமை வாருங்கள்.