மிக்ஸியும் பூனையும்: ஒரு பழைய பாக்கி

'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்பது பழமொழி. இந்தக் காலத்துப் பூனைக்குச் சூடு வைக்க அடுப்பே வேண்டாம். மிக்ஸி போதும்.

குன்றத்தூர் பக்கம் வாடகை வீடுகள் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத கிச்சன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் விடிகாலை நாலரைக்கே சட்னி அரைபடும். குக்கர் விசில் அடிக்கும். தண்ணி மோட்டார் உறுமும். ஏதாவது ஒரு எவர்சில்வர் தட்டு கை தவறி விழும். மனிதர்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமே இல்லை, பழகிப் போச்சு. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் 2011ல் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த மாநிலம் இது.

அதே வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. அதனிடம் மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை :-)

கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது சுமார் 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று 1985ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பொந்துக்குள் எலி போடும் கீச்சொலியைப் பிடிப்பதற்காக அமைந்த காது அது. அந்தக் காதுக்கு இரண்டடி தள்ளி மிக்ஸி ஓடினால் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் 'பயத்தைத் தெளிய வைக்கிறேன்' என்று பூனையைத் தூக்கிக்கொண்டு போய் ஓடுகிற மிக்ஸிக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறார்கள். இதனால் பூனைக்குப் பயம் போவதில்லை. மிக்ஸியோடு சேர்த்துப் பிடித்த கையையும் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான் லாபம்.

நஷ்டம் நிறைய. மிரண்ட பூனை பிறாண்டும். திறந்த கதவைப் பார்த்தால் பாயும், வெளியே கம்பெனி பஸ்ஸும் லாரியும் போகிற ரோடு. தொடர்ந்து பயத்திலேயே இருக்கிற பூனை மணல் தட்டை விட்டுவிட்டு மெத்தையில் மூத்திரம் போகும். ஆண் பூனைகளுக்கு மன அழுத்தத்தால் மூத்திரப்பை வீங்கி, மூத்திரம் அடைத்துக்கொள்வதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் உயிரே போய்விடும். இதெல்லாம் பயத்தின் விளைவு என்று புரியாத வீட்டில் கடைசியாக வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "சாக்குல போட்டு ஏரிக்கரையில விட்டுட்டு வா." பசி, தாகத்தால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்க உதவியதே பூனைகள்தான் என்பதுதான் இதில் வேடிக்கை.

1924ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனையைப் பதிவு செய்தார். பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, முயலை எங்கோ தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான்.

அடுத்தது ஜோசப் வோல்ப். 1940களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், கூண்டில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பூனைகளைப் பயமுறுத்தினார். அந்தப் பூனைகள் பசித்தாலும் அந்தக் கூண்டில் சாப்பிட மறுத்தன. பிறகு அந்த அறையைப் போல் கொஞ்சமும் இல்லாத வேறு அறையில் சோறு வைத்தார். அங்கே சாப்பிட்டதும், கொஞ்சம் அதைப் போலிருக்கும் அறையில். அப்புறம் அந்த அறையிலேயே. கடைசியில் கூண்டுக்குள்ளேயே சாப்பிட்டன. இந்த அனுபவத்தை வைத்துத்தான் மனிதர்களின் பயத்தைப் படிப்படியாகத் தெளிவிக்கும் சிகிச்சையை உருவாக்கி, 1958ல் புத்தகமாகவும் போட்டார். விமானத்தில் ஏறப் பயம், உயரத்தைக் கண்டால் பயம், பாம்புப் படத்தைப் பார்த்தாலே பயம் என்று வருகிறவர்களுக்கு இன்றைக்கும் கைகொடுப்பது அந்த வழிதான்.

ஆக, மனிதன் தன் பயத்தைத் தீர்த்துக்கொள்ள முதலீடு போட்டது பூனை. லாபத்தில் அதற்கு இதுவரை ஒரு பைசா போய்ச் சேரவில்லை.

பாக்கியைத் தீர்ப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. தூரம், சோறு, பொறுமை. இந்த மூன்றும் போதும்.

முதல் வேலை, பூனையின் சாப்பாட்டுத் தட்டை இடம் மாற்றுவது. பல வீடுகளில் அது மிக்ஸிக்கு நேர் கீழேயே இருக்கிறது. ஹால் மூலைக்கோ பெட்ரூமுக்கோ போகட்டும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியோ பரணில் ஓர் இடமோ இருக்க வேண்டும். ஒளிந்திருக்கும்போது இழுத்து வெளியே போடக்கூடாது.

அடுத்தது, ஒயரைக் கழற்றிய மிக்ஸியை ஹாலில் சும்மா வைப்பது. பக்கத்தில் போய் மோந்து பார்த்தால், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த ஒரு கோழித் துண்டு. (வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்.) பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவசரமில்லை.

மூன்றாவது, மிக்ஸி சத்தத்தைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒலிக்க விடுவது. சத்தம் முதலில், கோழித் துண்டு உடனே பின்னால். இந்த வரிசை முக்கியம். சத்தம் கேட்டால் நல்லது ஏதோ வரப்போகிறது என்று பூனைக்குப் புரிய வேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டலாம். காது மடங்கினாலோ, கண்மணி விரிந்தாலோ, சாப்பிடாமல் நகர்ந்தாலோ ஒரு படி பின்னால் வர வேண்டும். அப்புறம்தான் நிஜ மிக்ஸி. அதுவும் கிச்சன் கதவைச் சாத்திக்கொண்டு, அடியில் தடித்த துணி போட்டு, ஒரே ஒரு நொடி.

ஒரு நாளைக்கு 5 நிமிஷம் போதும். வாரா வாரம் ஷிப்ட் மாறுகிற வீட்டில் இந்த 5 நிமிஷத்தை மட்டும் யாராவது ஒருவர் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூனைக்குத் தைரியம் தருவதில் பாதி, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான்.

துடைப்பத்தின் கதை வேறு. துடைப்பத்தைக் கண்டு ஓடுகிற பூனை, பெரும்பாலும் அதே துடைப்பத்தால் அடி வாங்கிய பூனை. அங்கே வைத்தியம் பூனைக்கு அல்ல, அடித்தவருக்கு!

இதற்கு நேர் எதிரான ஒரு வேலையும் நடந்தது. 2015ல் உலகம் முழுக்கப் பரவிய வெள்ளரிக்காய் வீடியோக்கள் ஞாபகம் இருக்கலாம். பூனை சாப்பிடும்போது பின்னால் சத்தமில்லாமல் வெள்ளரிக்காய் வைப்பது, அது திரும்பிப் பார்த்து ஆகாயத்துக்கு எம்பிக் குதிப்பது, எல்லாரும் சிரிப்பது. இதிலும் அதே சோறுதான், அதே பொருள்தான். ஆனால் தூரமும் இல்லை, படிப்படியும் இல்லை. நிம்மதியாகச் சாப்பிடுகிற இடத்தையே பயத்தின் இடமாக மாற்றுகிறார்கள். வோல்ப் பூனைகளுக்குக் கடைசியில் செய்த வைத்தியத்தை அப்படியே தலைகீழாகச் செய்வது இது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாமே பயம் இல்லை. வயதான பூனை அலுமினியத் தாள் கசங்கும் சத்தத்துக்கோ, கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தத்துக்கோ வெடுக் வெடுக்கென்று உடம்பு துடித்தால் அது வலிப்பாக இருக்கலாம். 2015ல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 96 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். இதற்குக் கோழித் துண்டு வேலைக்கு ஆகாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

'தானாப் பழகிடும், இதுக்கெல்லாமா மெனக்கெடுவாங்க?' என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டிகள் எதற்கும் சுலபமாகப் பழகும். மிக்ஸி ஓடுகிற வீட்டிலேயே வளர்ந்த குட்டி அதைக் கண்டுகொள்ளாமல் தூங்கும். ஆனால் வளர்ந்த பிறகு தெருவிலிருந்து எடுத்து வந்த பூனைக்கு அந்த வாரங்கள் திரும்பி வராது. அதற்கு யாராவது மெனக்கெட்டுத்தான் ஆக வேண்டும்.

பசுவின் கன்றுக்கு நியாயம் சொல்லத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையைப் பெரியபுராணத்தில் பாடியவர் சேக்கிழார். அவர் பிறந்த ஊர் குன்றத்தூர். அந்த ஊர்க்காரர்களிடம் இங்கே யாரும் தேர், மகன் எல்லாம் கேட்கவில்லை. நாளைக்குச் சட்னி அரைப்பதற்கு முன்னால் கிச்சன் கதவைச் சாத்தினால் போதும்.