டிவியா, மானிட்டரா? என் பழைய மாணவனுக்குச் சொன்ன பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்தானே!

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். மரக்காணம் உப்பளத்தில் வேலை. மகள் திண்டிவனத்தில் பி.காம். படிக்கிறாள். உறவினர் ஒருவர் அவளுக்குப் பழைய கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார். சிபியு ஓடுகிறது, மானிட்டர் போய்விட்டது. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் நனைந்ததிலிருந்து வீட்டில் டிவியும் இல்லை.

"டீச்சர், கையில பத்தாயிரம் இருக்கு. மழை வந்துட்டா அளத்துல வேலை இருக்காது, அதுக்குள்ள வாங்கிடணும். 32 இன்ச் டிவி வாங்குனா அதுலயே கம்ப்யூட்டரையும் மாட்டிக்கலாமாம். எல்லாருக்கும் ஆகும். மானிட்டர்னா அவளுக்கு மட்டும்தானே?" என்றான்.

"மானிட்டரே வாங்குப்பா" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. உங்களில் பலர் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும் என்பதால் என் காரணங்களை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. விலை குறைந்த 32 இன்ச் டிவிகள் பலவற்றில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், சுமார் பத்தரை லட்சம். ஏறத்தாழ அதே விலைக்குக் கிடைக்கும் 22 அல்லது 24 இன்ச் மானிட்டரில் 1920, 1080. அதாவது 20 லட்சத்துக்கும் மேல். சின்னத் திரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள்! ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அந்த டிவி தாராளமாகப் போதும். கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து டாலியில் வரவு செலவு போடுகிற பெண்ணுக்கு 3 எது, 8 எது என்று கண் வலிக்கும்.

இரண்டாவது காரணம், நான் செய்த ஒரு தவறு. 2006இல் அரசு 14 இன்ச் இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோது, இனி ஏழைப் பிள்ளைகள் வீட்டுக்கும் உலகம் வந்துவிடும் என்று மகிழ்ந்தவள் நான். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020இல் கொரோனாவால் பள்ளியை மூடியதும், "கல்வி டிவி பாருங்க" என்று போனில் சொல்லிவிட்டு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். ஒருநாள் ஒரு மாணவி வீட்டுக்குப் போனேன். இருப்பது ஒரே அறை. விடியுமுன் உப்பளத்துக்குப் போய்வந்த அப்பா அதில் அசந்து தூங்குகிறார். பிள்ளை சத்தத்தை அறவே குறைத்துவிட்டு, திரையில் தெரிந்த எழுத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் டிவி இருப்பது வேறு, அது பிள்ளைக்குக் கிடைப்பது வேறு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பொதுவாக இருக்கும் பொருளில் பெண்பிள்ளையின் முறை கடைசியில்தான் வரும். பாட்டிக்கு சீரியல், தம்பிக்கு கிரிக்கெட். இவளுக்கு "கொஞ்சம் இரும்மா" என்ற பதில். பத்து மணிக்கு மேல் திரை காலியாகும்போது இவள் கண் சொக்கிவிடும். "அவளுக்கு மட்டும்தானே" என்று அந்தத் தம்பி குறையாகச் சொன்னானே, அதுதான் எனக்கு நிறையாகப் படுகிறது.

அதற்காக வீட்டில் உள்ளவர்கள் எதையும் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாளெல்லாம் வெயிலில் உப்புச் சுமக்கும் அம்மாவுக்கும் ஒரு மணி நேரம் சிரிக்க உரிமை உண்டு. எச்டிஎம்ஐ உள்ள மானிட்டரில் செட்டாப் பாக்ஸை மாட்டலாம். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டும். திரையும் சிறிதுதான். ஆனால் அது மகளுடைய திரை, மற்றவர்கள் அவளைக் கேட்டுப் பார்ப்பார்கள். படிக்கிற பிள்ளை இல்லாத வீடா, பத்துப் பேர் சேர்ந்து பார்க்கும் இடமா? அங்கே டிவிதான் சரி.

வாங்கும்போது சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழையதில் நீல நிற விஜிஏ மட்டுமே இருக்கலாம். விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் உள்ள மானிட்டராகக் கேளுங்கள். நம் ஊர் உப்புக்காற்று இரும்பையே தின்னும், அதனால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணியால் துடையுங்கள். இடி மின்னலென்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தம்பி இன்னும் வாங்கவில்லை. "கடைக்கு மகளையே கூட்டிட்டுப் போ. எழுத்தைப் படிச்சுப் பார்த்து அவளே சொல்லட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்ல நிலையில் உள்ள மானிட்டர் எதுவும் வீட்டில் சும்மா கிடக்கிறதா? இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அப்போது அந்தப் பத்தாயிரத்தில் அவன் ஆசைப்பட்ட டிவியையும் வாங்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்