போர்க்கப்பலுக்குக் கடைசியில் காயலான் கடைதான் கதியா?

2016-ல் பஜாஜ் நிறுவனம் 'வி' என்ற பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் இரும்பு இதில் கலந்திருக்கிறது என்பதுதான் அதன் விளம்பரமே. வாங்கியவர்கள் பெருமையாகத்தான் ஓட்டினார்கள். ஆனால், நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் எப்படி பைக்கின் பெட்ரோல் டேங்க் வரை வந்து சேர்ந்தது என்ற கதையில் பெருமைப்பட அதிகமில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் அது. அப்போது அதன் பெயர் ஹெர்குலிஸ். போர் முடிந்ததும் வேலை பாதியில் நின்றது. 1957-ல் இந்தியா அதை வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தது. 213 மீட்டர் நீளம். மேல்தளத்தில் 'சீ ஹாக்' போர் விமானங்களும், நீர்மூழ்கிகளைத் தேடும் 'அலிஸே' விமானங்களும் நின்றன.

2017-ல் வந்த 'காஸி' படம் பார்த்தவர்களுக்கு 1971 கதை பாதி தெரிந்திருக்கும். படத்தில் இந்திய நீர்மூழ்கிதான் நாயகன். நிஜத்தில் பாகிஸ்தானின் காஸி வங்கக் கடலுக்குத் தேடி வந்தது விக்ராந்தை. அப்போது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. விமானந்தாங்கிக்கு வேகம் என்பது வெறும் ஓட்டம் இல்லை. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தால்தான், குட்டையான ஓடுதளத்திலிருந்து விமானம் மேலெழும்ப முடியும். அந்த நிலையிலும் கப்பலைக் கரையில் உட்கார வைக்கக் கடற்படைக்கு மனமில்லை. அந்தமான் பக்கம் ஒளித்து வைத்தார்கள். விசாகப்பட்டினத்தை ஒட்டி ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல், தான்தான் விக்ராந்த் என்பதுபோல வயர்லெஸ் செய்திகளை அனுப்பி நாடகமாடியது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி காஸி விசாகப்பட்டினத்தின் வாசலில் மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகள்தான் காரணம் என்கிறது இந்தியா. உள்ளே நடந்த வெடிப்பு என்கிறது பாகிஸ்தான். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல்வழிக் கதவு சாத்தப்பட்டது.

இப்படிப்பட்ட கப்பல் 1997 ஜனவரியில் ஓய்வுபெற்றது. பிறகு சில ஆண்டுகள் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. 2012-ல், மக்கள் ஏறுவதற்குப் பாதுகாப்பானதல்ல என்று மூடப்பட்டது. நிரந்தர அருங்காட்சியகமாக நடத்த மகாராஷ்டிர அரசால் முடியவில்லை, தனியாரும் முன்வரவில்லை. 2014-ல் ஏலத்தில் சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போனது. உடைக்கக் கூடாது என்று வழக்குப் போட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்த ஆண்டின் இறுதியிலேயே கேஸ் கட்டர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன.

சரி, ஒரு முறை நடந்தால் விட்டுவிடலாம். விராட் கதையைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பலாக இருந்து, 1987-ல் இந்தியாவுக்கு வந்து, 2017-ல் ஓய்வுபெற்ற கப்பல் அது. அருங்காட்சியகமாக்க ஆந்திரா ஆசைப்பட்டது. பிறகு மகாராஷ்டிரா 852 கோடி ரூபாய் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதலே கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் ஜோர். கடைசியில் 38.54 கோடிக்கு ஏலம்போய், 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அதன் பிறகுதான் ஒரு தனியார் நிறுவனம் "நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று வந்தது. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆனால், 2021 ஏப்ரலில் வழக்கு மீண்டும் வந்தபோது கப்பலின் கணிசமான பகுதி உடைக்கப்பட்டிருந்தது. காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

இங்கே அரசை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால், கப்பலைக் காப்பாற்றுவது கோட்டையைக் காப்பாற்றுவது மாதிரி இல்லை. உப்புத் தண்ணீரில் நிற்கும் இரும்பு ஒவ்வொரு நாளும் அரித்துக்கொண்டே இருக்கும். ஓடும் கப்பலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உலர்துறையில் ஏற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, தேய்ந்த தகடுகளை மாற்றுவார்கள். அருங்காட்சியகமாகிவிட்டால் இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? அமெரிக்காவின் சான் டியாகோவில் 'மிட்வே' விமானந்தாங்கியைப் பார்க்க ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்; அந்த டிக்கெட் காசு கப்பலைத் தாங்குகிறது. எல்லாக் கப்பலுக்கும் அந்த யோகம் கிடையாது. அதே அமெரிக்காவில் பஃபலோ நகரில் அருங்காட்சியகமாக நின்ற 'தி சல்லிவன்ஸ்' நாசகாரிக் கப்பல், 2022 ஏப்ரலில் அடிப்பாகம் ஓட்டையாகி, நின்ற இடத்திலேயே பாதி மூழ்கியது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்த 'டெக்சாஸ்' கப்பலில் ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய மாகாண அரசு 3.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் எதையும் காப்பாற்ற முடியாதா? பதில் பக்கத்திலேயே இருக்கிறது. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போனவர்கள் யாரும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 91 மீட்டர் நீளமுள்ள அந்த நீர்மூழ்கி 2001-ல் ஓய்வுபெற்றது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை ஒன்றுதான்: கப்பலைத் தண்ணீரில் விடாமல் மணலுக்கு இழுத்து, கான்கிரீட் மேடையில் உட்கார வைத்தார்கள். உள்ளே குனிந்து நடந்துபோனால், முன்னாள் கடற்படை வீரர்களே டார்பிடோ குழாயைக் காட்டி விளக்குகிறார்கள். 2017-ல் எதிர்ப்புறமே 'டியூ-142' கடற்படை விமானத்தையும் நிறுத்திவிட்டார்கள். கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் 'சபல்' ஏவுகணைப் படகு நிற்பதும் இப்படித்தான்.

இதே ஃபாக்ஸ்ட்ராட் ரக நீர்மூழ்கி ஒன்று தமிழ்நாட்டுக்கும் கிடைத்தது. ஐ.என்.எஸ். வாக்லி 2010-ல் ஓய்வுபெற்றது. மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் என்று அறிவிப்பு வந்தது. நீர்மூழ்கி சென்னைத் துறைமுகம் வரை வந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. அருங்காட்சியகம் மட்டும் வரவே இல்லை. விசாகப்பட்டினத்தில் ஓர் ஆண்டில் முடிந்த வேலை இங்கே ஏன் முடியவில்லை என்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

விக்ராந்த், விராட் அளவிலான கப்பலைக் கரையேற்றுவது நடக்காத காரியம். தண்ணீரில்தான் நிற்க வேண்டும் என்றால், கப்பலோடு சேர்த்துப் பராமரிப்புக்கான வைப்புநிதியையும் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால், கட்டளை மேடை, நங்கூரம், விமானங்களை உந்திவிடும் கருவி ஆகியவற்றைக் கழற்றிக் கரையில் காட்சிக்கு வைத்துவிட்டு, மீதியை மனசாரக் கொடுத்துவிடலாம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், நாசகாரிகள், சிறு போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகள் விஷயத்தில் இந்தச் சாக்கு செல்லாது.

இதில் உருப்படியான முன்னுதாரணமும் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று குஜராத்தை ஒட்டிய டையூ தீவுக்கு அப்பால் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி, இந்தியாவின் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்காமல் அதோடு போனார். அதே பெயரில் பின்னால் கட்டப்பட்ட குக்ரி 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அடுத்த மாதமே, 2022 குடியரசு தினத்தன்று, அதே டையூவின் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த ஊருக்கு, யாரிடம் என்பதை ஓய்வுக்கு முன்பே முடிவு செய்திருந்ததால்தான் இது நடந்தது. 1980-களில் சேர்ந்த ரண்வீர், ரண்விஜய் நாசகாரிகளுக்கும் ஓய்வு வயது நெருங்கிவிட்டது. அவை எந்த ஊர்க் கரைக்குப் போகும் என்பதை, ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பு கடற்படையும் கடலோர மாநிலங்களும் உட்கார்ந்து பேச இன்னும் நேரம் இருக்கிறது.